எழுத்தைக் கையால் மூடிவிட்டுப் படத்தைப் பாருங்கள்



உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டை ஒரு தடவை துழாவிப் பாருங்கள். பழைய சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், என்றோ வாங்கி எரியாமல் போன டார்ச்லைட் இவற்றுக்கு அடியில் ஒல்லியான படப்புத்தகம் ஒன்று கிடக்கலாம். கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டோடு பக்கத்து வீட்டார் பிள்ளைக்குக் கொடுத்ததாக இருக்கும். ஞாயிறு வகுப்பில் பரிசாக வந்ததாக இருக்கும். பட்டணத்துப் பழைய புத்தகக் கடையில் நீங்களே மலிவாக வாங்கியதாகவும் இருக்கும். பேழை கட்டும் நோவா, கவண்கல்லோடு நிற்கும் தாவீது, மீன் வயிற்றில் யோனா, மாட்டுக் கொட்டகையில் பிறந்த குழந்தை ஆகிய கதைகளில் ஏதேனும் ஒன்று அதில் இருக்கும்.

"இது வேதக்காரர் புத்தகம், நமக்கெதற்கு" என்று மேலே ஏற்றி வைத்த வீடுகள் உண்டு. வேதக்கார வீடுகளிலேயே "பையன் கிழித்துவிடுவான்" என்று ஏற்றி வைத்ததும் உண்டு. இரண்டு வீட்டிலும் புத்தகம் தூசிதான் தின்கிறது. இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. புத்தகம் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கிறது. தமிழில் இருந்தாலும் கோயில் தமிழாக இருக்கிறது. பிள்ளை மடியில் வந்து உட்கார்ந்து "படிச்சுக் காட்டும்மா" என்று கேட்டால், தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றுபோன தாய் என்ன செய்வாள்? "போய் விளையாடு" என்பாள்.

அந்தத் தாயை நினைத்துத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். அம்மா, படப்புத்தகத்தில் கதையைச் சொல்வது படம்தான். அடியில் இருக்கும் எழுத்தைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். படத்தை மட்டும் பாருங்கள். யார் நிற்கிறார், யாரைப் பார்க்கிறார், கையில் என்ன, முகத்தில் கோபமா பயமா என்பதெல்லாம் தெரிகிறதா? தெரிந்தால் அது நல்ல புத்தகம். அதை வைத்து நீங்களே கதை சொல்லிவிடலாம். ஒன்றும் தெரியவில்லையென்றால் குறை உங்களிடம் இல்லை, படம் போட்டவரிடம் இருக்கிறது.

இது நானாகக் கண்டுபிடித்த தந்திரமல்ல. கி.பி. 600ஆம் ஆண்டு வாக்கிலேயே ரோமாபுரியின் போப்பாண்டவர் முதலாம் கிரகோரி, மார்சேய் நகரத்து ஆயருக்கு இதைக் குறித்துக் கடிதம் எழுதியிருக்கிறார். கோயிலில் இருந்த படங்களை அந்த ஆயர் உடைத்துப் போட்டுவிட்டார். படிக்கத் தெரிந்தவனுக்கு ஏடு எப்படியோ, தெரியாதவனுக்குப் படம் அப்படி, அதை ஏன் அழித்தீர் என்பதுதான் கிரகோரி சொன்னதன் சாரம். நம் ஊர்க் கோபுரங்களில் ராமாயணத்தைச் சுதையில் செய்து வைத்தவர்களுக்கும் இந்த எண்ணம் இருந்திருக்கத்தானே வேண்டும்?

சரி, நல்ல படம் என்றால் எது? ஹாலந்து தேசத்து ஓவியர் ஒருவரைப் பற்றிச் சொல்லுகிறேன், உங்களுக்கே விளங்கும்.

அவர் பெயர் கேஸ் டி கோர்ட். 1934-ல் பிறந்து 2022-ல் காலமானார். 1960-களின் நடுவில் நெதர்லாந்து வேதாகமச் சங்கத்தார் ஓர் ஓவியரைத் தேடினார்கள். எந்தப் பிள்ளைகளுக்காகத் தெரியுமா? வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்காக அல்ல. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காக. நம் தோட்டங்களில் "மந்தம்" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கி, கடைசி வாங்கில் உட்கார வைத்து, மற்றவர்கள் வாய்ப்பாடு சொல்லும்போது கரும்பலகை துடைக்க அனுப்புவோமே, அந்தப் பிள்ளைகளுக்காக. அவர்களுக்கும் கதை வேண்டும் என்று ஒரு சங்கம் நினைத்தது. பல பேர் படம் போட்டுக் காட்டியதில் டி கோர்ட் தேர்ந்தெடுக்கப்பட்டார். பைபிள் நமக்கு என்ன சொல்கிறது என்ற பொருளில் பெயர் வைத்து, சிறுசிறு புத்தகங்களாக 28 புத்தகங்கள் வெளிவந்தன.

அந்தப் படங்களை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பின்னால் மலை, மரம், மேகம், மாளிகை என்று கண்ணை இழுக்கும் சாமான்கள் கிடையாது. பெரும்பாலும் வெறும் வெள்ளைத் தாள். அதன் மேல் தடித்த கோட்டில், சிவப்பு, நீலம், மஞ்சள் என்று அப்பின வண்ணத்தில் மனிதர்கள் நிற்பார்கள். முகம் பெரிது. கண் அதைவிடப் பெரிது. பயந்தவன் பயந்திருப்பது தெரியும், கேட்பவன் கேட்பது தெரியும். பக்கத்துக்கு ஒரு காரியம், அவ்வளவுதான். அடியில் இரண்டு மூன்று வரி, ஒவ்வொன்றும் சிறிய வாக்கியம். இதை அவர் ஒருவராக உட்கார்ந்து மனம் போனபடி போட்டுவிடவும் இல்லை. வேதம் படித்தவர்களும் இத்தகைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர்களும் கூடியிருந்து, பிள்ளைக்குப் புரியுமா என்று பார்த்துப் பார்த்துச் சொல்ல, அவர் போட்டார்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று செய்த புத்தகத்தை எல்லாப் பிள்ளைகளும் கேட்டார்கள். ஹாலந்தில் மட்டுமல்ல, ஜெர்மனியில் அது வீட்டுக்கு வீடு தெரிந்த புத்தகமாயிற்று. அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்தது. கடைசி வாங்குப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி ஒன்றைச் செய்தால் முதல் வாங்குப் பிள்ளைக்கு அது கசந்து போகுமா என்ன? உங்கள் வீட்டில் மெதுவாகப் புரிந்துகொள்ளும் ஒரு பிள்ளை இருந்தால் இதை மனத்தில் வையுங்கள். அந்தப் பிள்ளைக்குப் புத்தகமே வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை. படம் நிறைந்து கண்ணைக் குழப்பாத புத்தகமாகப் பார்த்து, ஒரே பக்கத்தை நாலு நாள் காட்டுங்கள். ஐந்தாம் நாள் அவன் விரலை வைத்து ஒரு வார்த்தை சொல்லுவான்.

அந்த வரிசையில் குருடன் பர்த்திமேயு கதையும் ஒரு புத்தகம். வழியோரம் பிச்சைக்கு உட்கார்ந்திருக்கிறவன், இயேசு போகிறார் என்று கேள்விப்பட்டுக் கத்துகிறான். சுற்றி நிற்பவர்கள் "சும்மா இரு" என்று அதட்டுகிறார்கள். அவன் இன்னும் பலமாகக் கத்துகிறான். இயேசு நின்று அவனைக் கூப்பிடச் சொல்கிறார். ஒதுக்கி வைத்த பிள்ளைக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டியதில்லை, பாருங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். டி கோர்ட் போட்ட மனிதர்கள் கறுத்த முடியும் மாநிறமும் உள்ளவர்கள். பாலஸ்தீன நாட்டு வெயிலில் நடந்தவர்கள் வேறு எப்படி இருப்பார்கள்? ஆனால் நம் வீடுகளில் மாட்டியிருக்கும் படம் எது? பொன்னிறச் சாயல் கூந்தல், வெளுத்த முகம், ஒருபக்கமாகத் திரும்பி மேலே பார்க்கும் இயேசு. அந்தப் படத்தை 1940-ல் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்து வார்னர் சால்மன் என்பவர் வரைந்தார். ஐம்பது கோடிப் பிரதிகளுக்கு மேல் அச்சானதாகச் சொல்கிறார்கள். காலண்டரிலும் கடிகாரத்திலும் வந்து வந்து, அதுவே உண்மை முகம் என்று நம் பிள்ளைகள் நம்பிவிட்டார்கள். பக்தியோடு வைத்திருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் புத்தகத்தில் நல்லவர்கள் எல்லாரும் வெள்ளைத் துரை வீட்டுப் பிள்ளைகள் மாதிரியும், கள்ளனும் யூதாசும் மட்டும் கறுப்பாகவும் இருந்தால், அந்தப் புத்தகத்தை என் வீட்டுக்குள் விடமாட்டேன். கதை எவ்வளவு நல்லதானாலும் சரி, படம் வேறொரு கதையைப் பிள்ளையின் காதில் ஓதிக்கொண்டிருக்கும். கறுப்பாகப் பிறந்த நம் பெண்பிள்ளை கண்ணாடி முன்னால் போய் நிற்கும்போது அந்த ஓதல் கேட்கும்.

கதையைச் சுருக்கிச் சொல்லும்போது இன்னொரு திருட்டும் நடக்கிறது. நல்ல சமாரியன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் பாதை சுமார் ஆயிரம் மீட்டர் இறக்கம். கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு வளைந்து வளைந்து இறங்குவோமே, அந்த மாதிரி இறக்கம், ஆனால் மரமில்லாத வறண்ட பூமி. அங்கே ஒருவனைக் கள்ளர்கள் அடித்துப் போட்டுவிட்டார்கள். பூசாரி ஒருவர் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறார். கோயில் ஊழியர் ஒருவர் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறார். மூன்றாவதாக வந்த சமாரியன் காயத்தைக் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றி, சத்திரத்தில் சேர்த்து, காசும் கொடுத்துவிட்டுப் போகிறான்.

பெரும்பாலான பிள்ளைப் புத்தகங்கள் இதை "பிறருக்கு உதவி செய்" என்று முடித்துவிடும். சமாரியன் யார் என்று சொல்லாது. யூதர்கள் சமாரியரோடு கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ள மாட்டார்கள். தண்ணீர் வாங்கிக் குடிப்பதுகூட ஆச்சரியமான காரியம். கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அருவருத்த சாதியிலிருந்து ஒருவனை எடுத்து, இவன்தான் மனிதன் என்று காட்டியதுதான் கதையின் சூடு. நம் தோட்டங்களிலும் ஒரு காலத்தில் சாதி பார்த்து லயன் ஒதுக்கியதும், தண்ணீர்க் குழாயடியில் ஒதுங்கி நிற்கச் சொன்னதும் நடந்ததே, பெரியவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். அந்தக் குழாயடியைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் அது தண்ணீர் ஊற்றிய பால். படத்தில் சமாரியனுக்கு மற்றவர்களிலிருந்து வேறான உடுப்போ தலைப்பாகையோ போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். போட்டிருந்தால் "இவரு யாரு, ஏன் வேற மாதிரி இருக்காரு?" என்று பிள்ளையே கேட்கும். அங்கிருந்து நீங்கள் சொல்லலாம்.

இவ்விடத்தில் இந்து வீட்டுத் தகப்பனார் ஒருவர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. "பிள்ளையை மதம் மாற்றப் பார்க்கிறீரா?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். வேதாகமச் சங்கமும் திருச்சபை அச்சகமும் போடும் புத்தகத்துக்கு நோக்கம் இருக்கிறது, அதை அவர்களே மறைப்பதில்லை. அமெரிக்காவில் 1964 முதல் கன்கோர்டியா என்ற லூத்தரன் அச்சகம் "ஆர்ச்" புத்தகங்கள் என்று பாட்டு நடையில் மெல்லிய மலிவுப் புத்தகங்கள் போட்டது. பிள்ளைகளுக்கு வேதம் போகவேண்டும் என்பதுதான் அதற்கும் நோக்கம். ஆகவே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் பின்னட்டையையும் முதலில் பாருங்கள். கதை மட்டும் இருக்கிறதா, ஜெபமும் விலாசமும் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு, உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி முடிவு செய்யுங்கள். ஒன்று மட்டும் சொல்வேன். வேதக்காரப் பிள்ளைக்கு அனுமார் மலையைத் தூக்கிய கதை தெரிந்திருப்பதால் அதற்கு ஒரு நஷ்டமும் வந்ததில்லை. நம் பிள்ளைக்கு நோவா கதை தெரிவதும் அப்படித்தான்.

நோவா என்றதும் இன்னொரு ஹாலந்துக்காரர் நினைவுக்கு வருகிறார். பீட்டர் ஸ்பியர், ஆம்ஸ்டர்டாமில் 1927-ல் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர், 2017-ல் மறைந்தார். அவருடைய 'நோவாவின் பேழை' 1977-ல் வெளிவந்து, மறு வருடமே அமெரிக்காவில் படப்புத்தகத்துக்குக் கொடுக்கும் கால்டிகாட் பதக்கத்தைப் பெற்றது. தொடக்கத்தில் ஒரு பழைய டச்சுப் பாட்டின் மொழிபெயர்ப்பு இருக்கும். பிறகு அநேகமாக எழுத்தே கிடையாது. மூடுவதற்குக் கையே தேவையில்லை! சின்னச் சின்னக் கட்டங்களாக முழுக்கப் படம்.

மற்றப் புத்தகங்களில் பேழை என்றால் ஒட்டகச்சிவிங்கி தலையை நீட்டிச் சிரிக்கும், வானவில் தோன்றும், முடிந்தது. ஸ்பியர் வேலையைக் காட்டினார். அத்தனை மிருகத்துக்கும் தீனி வைக்க வேண்டும், சாணி அள்ள வேண்டும், கழுவ வேண்டும். மாடு வளர்த்த நம் வீட்டுப் பெண்களிடம் அந்தப் பக்கங்களைக் காட்டுங்கள். நோவா மகான் மட்டுமல்ல, நல்ல பாட்டாளி என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள். அது மட்டுமா? கதவடைத்த பிறகு வெளியே நின்றுபோன மிருகங்களையும் அவர் வரைந்திருக்கிறார். தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது, அவை நிற்கின்றன. பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் வெகுநேரம் நிற்பார்கள். "அதுங்க என்ன தப்பு பண்ணுச்சு?" என்று கேட்பார்கள். அவசரப்பட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஸ்பியருடைய தகப்பனாரும் ஓவியர், யூதர், நாஜிகளின் தெரேசின்ஸ்டாட் முகாமில் அடைபட்டு மீண்டவர். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர் வெளியே விடப்பட்டவர்களை வரையாமல் இருப்பாரா என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் இப்படிச் சொன்னதாக நான் சொல்லவில்லை, என் எண்ணம்தான்.

விலை உயர்ந்த கட்டுப் புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1950-களில் ஆர்தர் மாக்ஸ்வெல் என்பவர் எழுதிய பைபிள் கதைகள் பத்துப் பாகங்களாக வந்தன. அமெரிக்காவில் முதல் பாகத்தை மட்டும் டாக்டர்களின் காத்திருக்கும் அறையில் வைத்துவிடுவார்கள். பிள்ளை பாதிக் கதையில் இருக்கும்போது தாயின் பெயரை மருந்துக்குக் கூப்பிடுவார்கள், பிறகு வீட்டுக்கு விற்பனையாளர் வருவார். கெட்டிக்கார வியாபாரம்! படங்கள் அழகானவைதான். ஆனால் எந்த மதத்துப் புத்தகமானாலும், தவணையில் பத்துப் பாகம் என்று யாராவது வாசலில் வந்து நின்றால், முதலில் ஒல்லியான ஒன்றை வாங்கிப் பிள்ளை அதைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒரு கதை. நோவாவும் தாவீதும் பிள்ளைப் புத்தகங்களில் வருகிற அளவுக்கு இது வருவதில்லை. ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான பைபிள் கதை எனக்குத் தெரியாது.

திராட்சைத் தோட்டத்து முதலாளி ஒருவர் அதிகாலையில் சந்தைக்குப் போய், நாளுக்கு ஒரு வெள்ளிக்காசு என்று பேசி ஆள் எடுக்கிறார். ஒன்பது மணிக்கு மறுபடி போகிறார், பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் போகிறார், ஒவ்வொரு தடவையும் ஆள் எடுக்கிறார். ஐந்து மணிக்குப் போனால் இன்னும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். யாரும் எங்களைக் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். பொழுது சாய்ந்ததும் சம்பளம். கடைசியில் வந்தவனுக்கு ஒரு காசு. காலையில் வந்தவனுக்கும் அதே ஒரு காசு. காலை ஆட்கள் முணுமுணுக்கிறார்கள்.

இதைப் பெரட்டுக்குப் போய்வந்த தகப்பன் பிள்ளைக்குச் சொன்னால் எப்படி இருக்கும்! முன்பு மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் அன்றைக்குக் கூலி இல்லை. குறைந்தபட்சச் சம்பளம் என்று தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 வெள்ளி சட்டமாக வந்ததே 2013-ல்தான். வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற காலைகள் நம் குடும்பங்களுக்கு மறக்கவில்லை. ஆகவே பிள்ளை கேட்கும்: "ஏம்பா, காலையிலேர்ந்து வெட்டுனவருக்கும் சாயங்காலம் வந்தவருக்கும் ஒரே சம்பளமா? இது நியாயமா?" சங்கத்துக் கூட்டத்தில் கேட்டால் சண்டையே வந்துவிடும் கேள்வி. அம்மா குறுக்கே வந்து, "ஐந்து மணிவரைக்கும் நின்னவரு வீட்டுல அடுப்பு எரிய வேணாமா?" என்பாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளட்டும்.

இந்தக் கதைக்குப் புத்தகம் கிடைக்காவிட்டால் பிள்ளையையே படம் போடச் சொல்லுங்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். டி கோர்ட் செய்தது போலப் பக்கத்துக்கு ஒரு காரியம்: முதலாளி நிற்கிறார், ஆட்கள் நிற்கிறார்கள், வெயில் ஏறுகிறது, காசு கை மாறுகிறது. முதலாளிக்குத் துரைத் தொப்பி போடலாமா என்று கேட்டால் போடட்டும். காலையில் வந்தவனுக்கு உங்கள் மண்டோர் மீசை வந்தாலும் தடுக்காதீர்கள். கடைசித் தாளில், ஐந்து மணிக்கு வந்தவன் உள்ளங்கையில் முழுக் காசைப் பார்க்கிறான். அவன் முகத்தை எப்படிப் போடுவது என்று பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டு உங்களைக் கேட்கும். நீங்கள் பென்சிலை வாங்காதீர்கள். வெட்டு இல்லாத ஒரு நாளில், எதிர்பாராமல் கைக்குக் காசு வந்தபோது தாத்தா எப்படிச் சிரித்தார் என்று மட்டும் சொல்லுங்கள்.